நெட்வொர்க் செக்யூரிட்டிக்கு மாறத் திட்டமா? எந்தச் சான்றிதழ் முதலில், எது பிறகு?

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. வெளிநோயாளிகள் பதிவு, பரிசோதனை முடிவு, பில் என எல்லாமே பேனா, பேப்பருக்குத் திரும்பின. காரணம், ரான்சம்வேர் தாக்குதல். ஆன்லைன் சேவைகள் மெல்ல மீண்டு வரவே ஏறக்குறைய இரண்டு வாரம் பிடித்தது.

2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு இதற்கு விளக்கம் கொடுத்தது. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததால் இது நடந்தது என்பதே அந்தப் பதிலின் சாரம்.

கடைசி வரிதான் முக்கியம். நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பது ஏதோ ராக்கெட் தொழில்நுட்பம் இல்லை. வீட்டில் அறைக்கு அறை கதவு வைப்பது போன்ற விஷயம்தான். வரவேற்பறைக்கு வந்தவர் நேராக பீரோ இருக்கும் அறைக்குள் போய்விடக் கூடாது. நெட்வொர்க்கிங் படிப்பவர்களுக்கு ஆரம்பப் பாடத்திலேயே இது வந்துவிடும்.

சென்னை ஓ.எம்.ஆரிலும் கோவையிலும் பெங்களூருவிலும் ‘செக்யூரிட்டிக்கு மாறலாமா’ என்று யோசிக்கும் ஐ.டி. ஊழியர்கள் இந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. இந்தத் துறையில் பெரிய இழப்புகள் பல நேரம் அடிப்படைக் குறைகளிலிருந்து வருகின்றன. ஆனால், துறை மாற நினைப்பவர்களில் பலர் அடிப்படையைத் தாண்டிக் குதித்து, பெரிய பெயருள்ள சான்றிதழில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

எந்தச் சான்றிதழ் நல்லது என்பதைவிட, எந்த வரிசையில் எடுப்பது என்பதுதான் சரியான கேள்வி.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

இரண்டு காரணங்கள். முதலாவது, பயம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2% பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. 12,000 பேருக்கு மேல். பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். அதன் பிறகு டெஸ்டிங், சப்போர்ட் வேலையில் 6, 7 வருடம் ஓட்டியவர்கள் ‘அடுத்து என்ன’ என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது, சட்டம். இந்தியக் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் ஓர் உத்தரவு போட்டது. சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்குத் தாக்குதல் நடந்தாலும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். ஆகவே, 24 மணி நேரமும் யாராவது கண்காணித்தாக வேண்டும்.

அடுத்து, 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளை நடைமுறைப்படுத்த நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பங்குச் சந்தை சார்ந்த நிறுவனங்களுக்கு செபி 2024 ஆகஸ்ட்டில் தனிக் கட்டமைப்பே கொண்டுவந்தது.

ஆக, தேவை இருக்கிறது. ஆனால், அந்தத் தேவை யாருக்கானது என்பதில்தான் குழப்பம்.

‘48 லட்சம் பேர் பற்றாக்குறை’ - இந்த எண் சொல்வது என்ன?

பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களில் அடிக்கடி வரும் எண் இது. ஐ.எஸ்.சி.2 என்ற சர்வதேசச் சான்றிதழ் அமைப்பு 2024-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்தது. உலகம் முழுக்க சைபர் பாதுகாப்பு வேலையில் 55 லட்சம் பேர் இருக்கிறார்கள், இன்னும் 48 லட்சம் பேர் வேண்டும் என்றது அந்த ஆய்வு.

இதை ‘48 லட்சம் காலியிடங்கள்’ என்று படித்தால் தப்பு. நிறுவனங்கள் முழுப் பாதுகாப்போடு இருக்க எத்தனை பேர் தேவை என்பதன் மதிப்பீடுதான் அது. அத்தனை பேரை வேலைக்கு எடுக்க பட்ஜெட் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆள் பற்றாக்குறைக்கு முதல் காரணமாகப் பட்ஜெட் இல்லாததைத்தான் அதே ஆய்வு சொன்னது.

விளம்பரம் சொல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. அதிகம் தேடப்படுவது அனுபவம் உள்ளவர்களை. ஆரம்ப நிலை வேலைகளுக்குப் போட்டி பலமாக இருக்கிறது. எனவே, ‘சான்றிதழ் வாங்கினால் வேலை தானாக வரும்’ என்ற கணக்கு எடுபடாது. ‘எனக்கு ஏற்கெனவே இருக்கும் அனுபவத்தோடு எந்தச் சான்றிதழ் சேர்ந்தால் எடுபடும்’ என்பதே சரியான கணக்கு.

முதலில் வேலையைத் தேர்ந்தெடுங்கள்

நெட்வொர்க் செக்யூரிட்டி என்று பொதுவாகச் சொன்னாலும், உள்ளே நான்கைந்து தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு உதவும் சான்றிதழ் இன்னொன்றுக்கு உதவாது.

ஃபயர்வால், வி.பி.என்., நெட்வொர்க் பிரிப்பு ஆகியவற்றை அமைத்துப் பராமரிப்பவர் நெட்வொர்க் செக்யூரிட்டி இன்ஜினீயர். ஏற்கெனவே நெட்வொர்க், சர்வர் சப்போர்ட்டில் இருப்பவருக்கு இது மிக அருகில் இருக்கும் கதவு.

எஸ்.ஓ.சி. எனப்படும் கண்காணிப்பு மையத்தில் உட்கார்ந்து, வரும் எச்சரிக்கைகளைப் பிரித்துப் பார்ப்பவர் எஸ்.ஓ.சி. அனலிஸ்ட். ஷிஃப்ட் வேலை. ஹெல்ப் டெஸ்க், அப்ளிகேஷன் சப்போர்ட்டில் டிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்குப் பொருந்தும்.

அனுமதி பெற்று நிறுவனத்தின் அமைப்புக்குள் நுழைந்து ஓட்டைகளைக் கண்டுபிடிப்பவர் பெனட்ரேஷன் டெஸ்டர். டெவலப்பர்கள், டெஸ்டர்களுக்கு இங்கே கூடுதல் பலம் உண்டு. வெளியில் கவர்ச்சியாகத் தெரிவதும் இதுதான், போட்டி அதிகம் உள்ளதும் இதுதான்.

பாதுகாப்புக் கொள்கை, தணிக்கை, சட்ட இணக்கம் பார்ப்பது இன்னொரு பிரிவு. ஆடிட், பேங்கிங், குவாலிட்டி பிரிவுகளிலிருந்து வருபவர்கள் கோடிங் தெரியாமலேயே நுழையக்கூடிய இடம்.

கடைசியாக, கிளவுட் செக்யூரிட்டி. அஷூர், ஏ.டபிள்யூ.எஸ். தளங்களில் ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்கானது.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லையா? ஒரு எளிய வழி இருக்கிறது. லிங்க்ட்இன், நௌக்ரி போன்ற தளங்களில், போக விரும்பும் ஊரில், விரும்பும் வேலைக்கு 30 விளம்பரங்களை எடுங்கள். ஒரு எக்ஸெல் ஷீட்டில், எந்தச் சான்றிதழ் எத்தனை முறை வருகிறது, எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள், எந்த டூலின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எந்தக் கவுன்சலரும் தர முடியாத பதில் அந்த ஷீட்டில் இருக்கும்.

தணிக்கைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இன்னொரு இலவச ஆதாரமும் உண்டு. அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் தணிக்கை நிறுவனங்களின் பட்டியலை செர்ட்-இன் தன் தளத்தில் வெளியிடுகிறது. அந்த நிறுவனங்கள் தங்களிடம் சி.ஐ.எஸ்.எஸ்.பி. முடித்தவர்கள் எத்தனை பேர், ஐ.எஸ்.ஓ. 27001 லீட் ஆடிட்டர்கள் எத்தனை பேர், சி.ஐ.எஸ்.ஏ. முடித்தவர்கள் எத்தனை பேர் என்று அதில் எண்ணிக் காட்டுகின்றன. எந்தச் சான்றிதழுக்கு நிறுவனமே கணக்குக் காட்டுகிறதோ, அதற்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது என்று பொருள்.

அடித்தளம்: சி.சி.என்.ஏ.வா, செக்யூரிட்டி பிளஸ்ஸா?

இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லித் தருகிறது. சப்நெட், விலேன், ரவுட்டிங், அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் எல்லாம் இதில் வரும். பாதுகாப்பு அடிப்படைக்கு மட்டும் 15% மதிப்பெண் பங்கு. 120 நிமிடத் தேர்வு.

காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ், பாதுகாப்பு என்ற விஷயத்தை அகலமாகத் தொட்டுச் செல்கிறது. தாக்குதல் வகைகள், என்க்ரிப்ஷன், அடையாளச் சரிபார்ப்பு, இடர் மேலாண்மை எல்லாம் உண்டு. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். 900-க்கு 750 எடுத்தால் பாஸ். இப்போது நடப்பில் இருக்கும் 701 என்ற தேர்வு 2023 நவம்பரில் வந்தது.

அமெரிக்க வேலை விளம்பரங்களில் செக்யூரிட்டி பிளஸ் இவ்வளவு வருவதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை, தன் கணினிப் பணிகளுக்கு ஏற்கும் சான்றிதழ்களின் பட்டியலில் அதை வைத்திருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. எனவே, யூடியூபில் அமெரிக்கர் ஒருவர் போடும் ‘ரோடுமேப்’பை அப்படியே சென்னைக்குப் பொருத்தினால் இடிக்கும்.

நெட்வொர்க் பின்னணியே இல்லாதவர் எதில் தொடங்குவது? சி.சி.என்.ஏ. பாடத்தில். தேர்வு எழுதுவது அவரவர் வசதி. ஆனால் பாடத்தைத் தவிர்க்க முடியாது.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். எஸ்.ஓ.சி.யில் ஓர் எச்சரிக்கை வருகிறது. கணக்குப் பிரிவின் ஒரு கம்ப்யூட்டர் நள்ளிரவில், பெயரே கேள்விப்படாத ஒரு டொமைனுக்கு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் டி.என்.எஸ். கேள்விகளை அனுப்புகிறது. டி.என்.எஸ். சாதாரணமாக எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவருக்கு உடனே சந்தேகம் வரும். தகவல் அந்த வழியாக வெளியே கடத்தப்படுகிறதோ என்று பார்ப்பார். அது தெரியாதவர் சான்றிதழில் படித்த தாக்குதல் பெயர்களை மனப்பாடமாக வைத்திருப்பார், எச்சரிக்கையை மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

ஏற்கெனவே நெட்வொர்க் வேலையில் இருப்பவருக்கு இந்த வரிசை மாறும். அவர் நேராக செக்யூரிட்டி பிளஸ்ஸுக்கோ, ஃபயர்வால் நிறுவனங்களின் சான்றிதழுக்கோ போகலாம்.

அடுத்த படி: வேலைக்கு ஒன்று

அடித்தளத்துக்கு மேல் ஒரே ஒரு சான்றிதழ். அதுவும் தேர்ந்தெடுத்த வேலைக்கு ஏற்றபடி.

நெட்வொர்க் செக்யூரிட்டி இன்ஜினீயர் என்றால், விளம்பரங்களில் எந்த ஃபயர்வால் அதிகம் வருகிறதோ அதன் சான்றிதழ். ஃபோர்ட்டிநெட், பாலோ ஆல்டோ, செக் பாயிண்ட், சிஸ்கோ ஆகியவை பொதுவாகக் காணப்படுபவை. ஃபோர்ட்டிநெட் தன் ஆன்லைன் பாடங்கள் பலவற்றை இலவசமாகத் தருகிறது. சிஸ்கோ பாதையில் போகிறவருக்கு அடுத்தது சி.சி.என்.பி. செக்யூரிட்டி. அதற்கு ஒரு மையத் தேர்வும், விருப்பப் பாடத் தேர்வு ஒன்றும் எழுத வேண்டும்.

எஸ்.ஓ.சி. அனலிஸ்ட் என்றால், லாக் ஆய்வு டூல்கள். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.சி.-200 தேர்வு இந்த வேலைக்கென்றே உள்ளது. ஸ்பிளங்க் தெரிந்திருப்பதும் உதவும்.

தணிக்கைப் பக்கம் என்றால் ஐ.எஸ்.ஓ. 27001 லீட் ஆடிட்டர். அந்தத் தரநிலையின் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பழைய பதிப்பில் 114. இன்னமும் 114-ஐ நடத்தும் பயிற்சி என்றால், பாடம் பழசு என்று புரிந்துகொள்ளலாம்.

இதே எச்சரிக்கை மற்றவற்றுக்கும் பொருந்தும். ‘சி.சி.என்.ஏ. செக்யூரிட்டி’ என்ற தனிச் சான்றிதழை சிஸ்கோ 2020 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டது. ஃபோர்ட்டிநெட் 2023-ல் தன் சான்றிதழ் வரிசையையே மாற்றி அமைத்தது. பணம் கட்டும் முன், தேர்வின் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

சி.இ.ஹெச்., ஓ.எஸ்.சி.பி.: இரண்டும் ஒன்றல்ல

‘எத்திக்கல் ஹேக்கிங்’ என்ற சொல்லுக்கே தனி ஈர்ப்பு உண்டு. இ.சி.-கவுன்சிலின் சி.இ.ஹெச். இந்திய எச்.ஆர். வட்டாரத்தில் நன்கு தெரிந்த பெயர். ரெஸ்யூமேவை முதல் சல்லடையில் தாண்ட வைக்கும். ஆனால் அதன் முக்கியத் தேர்வு 4 மணி நேரம், 125 கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. செய்முறைத் தேர்வு தனியாக உண்டு.

ஆஃப்செக் நிறுவனத்தின் ஓ.எஸ்.சி.பி. வேறு ரகம். 23 மணி 45 நிமிடம் உட்கார்ந்து, தரப்பட்ட கணினிகளுக்குள் உண்மையாகவே நுழைந்து காட்ட வேண்டும். முடிந்ததும் அடுத்த 24 மணி நேரத்தில் அறிக்கை எழுதித் தர வேண்டும். டெக்னிக்கல் இன்டர்வியூ எடுப்பவர்கள் மதிப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் அடித்தளம் இல்லாமல் இதில் இறங்குவது, நீச்சல் தெரியாமல் கடலில் குதிப்பது போல. பயிற்சியோடு சேர்த்துச் செலவும் லட்சத்தைத் தாண்டும்.

சி.ஐ.எஸ்.எஸ்.பி.: எல்லோரும் சொல்வது, எல்லோருக்கும் அல்ல

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் பெயர் இது. ஐ.எஸ்.சி.2 அமைப்பு 1994-லிருந்து தருகிறது. தேர்வுக் கட்டணம் 749 டாலர். இன்றைய மதிப்பில் 60,000 ரூபாய்க்கு மேல்.

பலர் கவனிக்காத நிபந்தனை இதுதான். தேர்வில் பாஸானால் மட்டும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. ஆகிவிட முடியாது. அந்தப் பாடத்தின் 8 பிரிவுகளில் குறைந்தது இரண்டில், மொத்தம் 5 வருட ஊதிய அனுபவம் வேண்டும். பட்டமோ, அங்கீகரிக்கப்பட்ட வேறு சான்றிதழோ இருந்தால் ஒரு வருடம் தள்ளுபடி. அனுபவம் இல்லாமல் பாஸானவர் ‘அசோசியேட்’ என்ற பெயரோடு இருப்பார். 6 வருடத்துக்குள் அனுபவத்தைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

புதிதாக வருபவருக்கு இது முதல் சான்றிதழ் அல்ல. ஆனால், இதிலேயே ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. அந்த 8 பிரிவுகளில் நெட்வொர்க் பாதுகாப்பு ஒன்று, அடையாளம் மற்றும் அணுகல் மேலாண்மை ஒன்று. சர்வர் அட்மினாக யூசர் அனுமதிகளைப் பார்த்தவர், நெட்வொர்க் டீமில் ஃபயர்வால் விதிகளைக் கையாண்டவர், ‘செக்யூரிட்டி’ என்ற பதவிப் பெயர் இல்லாமலேயே அந்த அனுபவத்தில் ஒரு பகுதியை ஏற்கெனவே சேர்த்திருக்கலாம். துறை மாறுபவர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதில்லை. செய்த வேலையைச் சரியான சொல்லில் எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கூட்டிச் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் அந்த அனுபவத்துக்கு உறுதி தர வேண்டும்.

செலவு: கட்டணம் மட்டும் இல்லை, புதுப்பிப்பும் உண்டு

சி.சி.என்.ஏ. தேர்வு 300 டாலர். வரி தனி. அதாவது, 25,000 ரூபாய்க்கு மேல். தோற்றால் மறுபடி முழுக் கட்டணம். இந்தியப் பயிற்சி நிறுவனங்களில் கோர்ஸ் கட்டணத்துக்கு 18% ஜி.எஸ்.டி.யும் சேரும்.

அதன் பிறகு காலாவதி. சி.சி.என்.ஏ., செக்யூரிட்டி பிளஸ் இரண்டுக்கும் 3 வருட ஆயுள். செக்யூரிட்டி பிளஸ்ஸைப் புதுப்பிக்க 50 கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்கு 3 வருடத்தில் 120 புள்ளிகள், கூடவே வருடா வருடம் 135 டாலர் பராமரிப்புக் கட்டணம். மைக்ரோசாஃப்ட்டின் வேலை சார்ந்த சான்றிதழ்களுக்கு ஒரு வருடம்தான் ஆயுள், ஆனால் ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பிக்கலாம்.

ஆக, ஒரே வருடத்தில் ஐந்து சான்றிதழ் வாங்குபவர், மூன்று வருடம் கழித்து ஐந்தையும் காப்பாற்ற வேண்டியிருக்கும். உயர்நிலைச் சான்றிதழ் ஒன்று கீழ்நிலையைத் தானாகப் புதுப்பிக்கும் பாதையைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சுமை குறையும். சி.சி.என்.பி. தேர்வுகள் சி.சி.என்.ஏ.வைப் புதுப்பிப்பது அப்படித்தான்.

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கும் வழி உண்டு. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். வேலைக்கு இடைவெளி விட முடிந்தவர்களுக்கு சி-டாக் நடத்தும், ஏறக்குறைய 6 மாத முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு.

12 மாதத் திட்டம் எப்படி இருக்கும்?

உதாரணத்துக்கு, சோழிங்கநல்லூரில் அப்ளிகேஷன் சப்போர்ட்டில் 6 வருடம் இருக்கும், வயது 30-ஐத் தொட்ட ஒருவர். வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், கணக்கு சுமாராக இப்படி வரும்.

முதல் 4 மாதம் நெட்வொர்க்கிங். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற இலவச மென்பொருளில் தினமும் கை வைத்துப் பழக வேண்டும். அடுத்த 3 மாதம் லினக்ஸ் அடிப்படையும் செக்யூரிட்டி பிளஸ் பாடமும். 7-வது மாத முடிவில் முதல் தேர்வு. 8-லிருந்து 10 வரை, தேர்ந்தெடுத்த வேலைக்கான டூல். கடைசி 2 மாதம் ரெஸ்யூமே, இன்டர்வியூ, விண்ணப்பம்.

இந்த 12 மாதமும் வேலையை விடக் கூடாது. அதைவிட முக்கியம், 3-வது மாதத்திலேயே தன் நிறுவனத்துக்குள் கதவைத் தட்டிப் பார்ப்பது. பெரிய ஐ.டி. நிறுவனங்களில் உள்ளேயே இடம் மாறும் வாய்ப்பு உண்டு. வெளியில் ‘அனுபவம் எங்கே’ என்று கேட்பவர்கள் அதிகம். உள்ளே, ஆளின் வேலையை ஏற்கெனவே பார்த்த மேனேஜர் ஒருவர் இருப்பார். இப்போதைய புராஜெக்ட்டிலேயே பேட்ச் போடுவது, அனுமதி ஆய்வு, ஆடிட் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பது போன்றவற்றைக் கேட்டு வாங்கினால், அதுவே முதல் செக்யூரிட்டி அனுபவம்.

சான்றிதழோடு சேர்த்துக் காட்ட ஒரு வேலை

ஒரே சான்றிதழ் 200 ரெஸ்யூமேக்களில் இருக்கும். வித்தியாசம் காட்டுவது, செய்து பார்த்த வேலை.

16 ஜி.பி. ரேம் உள்ள ஒரு லேப்டாப் போதும். வெர்ச்சுவல்பாக்ஸ், பி.எஃப்.சென்ஸ் ஃபயர்வால் இரண்டும் இலவசம். ஊழியர், சர்வர், விருந்தினர் என்று மூன்று பகுதிகளாக ஒரு சின்ன நெட்வொர்க்கைப் பிரியுங்கள். விருந்தினர் பகுதியிலிருந்து சர்வரைத் தொட முடியவில்லை என்று நிரூபியுங்கள். வயர்ஷார்க்கில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பாருங்கள். என்ன செய்தேன், எங்கே தப்பு விட்டேன், எப்படிச் சரி செய்தேன் என்று இரண்டு பக்கம் எழுதி கிட்ஹப்பில் போடுங்கள். எய்ம்ஸில் இல்லாமல் போனதாக அரசு சொன்ன அதே விஷயத்தை, ஒருவர் வீட்டு மேஜையிலேயே கட்டிக் காட்ட முடியும். இன்டர்வியூவில் அரை மணி நேரம் பேச அது போதும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பயிற்சி எல்லாம் சொந்தக் கணினியில், அல்லது டிரைஹேக்மி, ஹேக் தி பாக்ஸ் போன்ற அனுமதியுள்ள தளங்களில் மட்டும். ‘சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்’ என்று அடுத்தவர் அமைப்புக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு வழக்கு வந்தால், இந்தத் துறையின் கதவே மூடிக்கொள்ளும்.

‘100% ப்ளேஸ்மென்ட்’ போன் வந்தால்?

“சார், இந்த பேட்ச்ல சேர்ந்துட்டீங்கன்னா சி.இ.ஹெச்., சி.ஐ.எஸ்.எஸ்.பி. ரெண்டும் ஆறு மாசத்துல முடிச்சிடலாம், ஈ.எம்.ஐ. வசதி இருக்கு சார்” என்று யாராவது பேசினால், மூன்று கேள்விகள் கேட்கலாம். தேர்வுக் கட்டணம் இதில் அடங்குமா? ப்ளேஸ்மென்ட் என்பது வேலையா, இன்டர்வியூ ஏற்பாடு மட்டுமா? பாதியில் நின்றால் கடன் யார் பெயரில் ஓடும்? பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். 5 வருட அனுபவம் கேட்கும் சான்றிதழை 6 மாதத்தில் தருவதாகச் சொல்பவரிடம் நான்காவது கேள்விக்கு அவசியமே இல்லை.

‘டம்ப்ஸ்’ எனப்படும் திருட்டுக் கேள்வித்தாள்களும் அப்படித்தான். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி தேர்வு எழுதத் தடையும் வரலாம். பிடிபடாவிட்டாலும், முதல் டெக்னிக்கல் ரவுண்டில் விஷயம் வெளியே வந்துவிடும்.

வீட்டில் பேச வேண்டிய கணக்கு

துறை மாறும்போது முதல் வருடம் சம்பளம் ஏறாமல் போகலாம், சில நேரம் குறையவும் செய்யலாம். எஸ்.ஓ.சி. வேலை என்றால் இரவு ஷிஃப்ட் வரும். வீட்டுக் கடனும் சின்னக் குழந்தையும் இருக்கும் குடும்பத்தில் இது ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவு அல்ல. குறைந்தது 6 மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு மாறுவது பாதுகாப்பு.

இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். எஸ்.ஓ.சி.யின் முதல் நிலையில் எச்சரிக்கைகளைப் பிரித்துப் போடும் வேலையை ஏ.ஐ. டூல்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. அதனால் அந்த நிலையை ஒரு படியாக மட்டுமே பார்க்க வேண்டும். ‘ஏன் நடந்தது’ என்று தோண்டிப் பார்க்கத் தெரிந்தவர்தான் மேலே போவார். அங்கேயும் கைகொடுப்பது நெட்வொர்க் அடிப்படைதான்.

எனவே வரிசை இதுதான்: வேலையை முடிவு செய்வது, நெட்வொர்க் அடித்தளம், வேலைக்கு ஏற்ற ஒரு சான்றிதழ், செய்து காட்டிய ஒரு வேலை, அதன் பிறகு அனுபவம் சேர்ந்ததும் பெரிய பெயர்கள். முதல் தேர்வுக்குப் பணம் கட்டும் முன், அந்த 30 விளம்பரங்களின் ஷீட் தயாராக இருக்கட்டும்.